நேயர் விருப்பம்

வயதான ரொக் பாடகர் ஒருவர் மேடையில் நின்று, அடுத்தது தன்னுடைய புதிய அல்பத்திலிருந்து ஒரு பாட்டு என்று அறிவித்தால் அரங்கில் ஒரு கூட்டம் எழும்பி பியர் வாங்கப் போகும். லண்டனில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். போகிறவர்கள் மோசமான ரசிகர்கள் இல்லை. அந்த மனிதரின் இசைத்தட்டுகளை வருட வரிசையில் அடுக்கி, தூசு தட்டி வைத்திருப்பவர்கள்தான். முன்வரிசை ரிக்கற்றுக்குக் காசைக் கொட்டியவர்களும் அவர்கள்தான். தாங்கள் இருபது வயதில் கேட்டதை இன்னொருமுறை கேட்க வந்திருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் பாடகர் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார் என்பது அவர்களுக்கு ஒரு இடைஞ்சல், அவ்வளவுதான்.

இந்த வகை ரசிகர்களில் நான் அறிந்த பெரிய ஆள் ஒரு டாக்ஸிக்காரர். 1988இல் நான் லண்டனுக்கு வந்து, தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் இரவு வேலை என்றால் பெற்றோல் நிலையம், பெற்றோல் நிலையம் என்றால் யாழ்ப்பாணத்துப் பெடியன். பதினொரு மணிக்குக் கடைக் கதவைப் பூட்டிவிட வேண்டும். பிறகு எல்லா வியாபாரமும் தடித்த கண்ணாடி யன்னலால்தான்; காசு ஒரு தகர லாச்சியில் உள்ளே வரும், சிகரெட் பெட்டி அதே லாச்சியில் வெளியே போகும். இவர் தன் கறுப்பு டாக்ஸிக்கு டீசல் அடிக்க நள்ளிரவு தாண்டி வருவார். காரின் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வருவதால் உள்ளே பாடும் கசெற் எனக்கும் கேட்கும். மூக்கால் ஒருவன் முறைப்பாடு செய்துகொண்டிருப்பான். அது பொப் டிலன் என்று சில நாட்கள் கழித்துத்தான் கேட்டறிந்தேன்.

ஒருநாள் லாச்சிக்குள் டீசல் காசோடு ஒரு கசெற்றும் வந்தது. வீட்டில் பதிவு செய்தது. பாட்டுப் பெயர்களை நீல மையால் வடிவாக எழுதியிருந்தார். பிறகு மாதத்துக்கு ஒன்று வரத் தொடங்கியது. எல்லாமே 1962க்கும் 1975க்கும் இடைப்பட்டவை. அதற்குப் பிறகு அந்த மனிதர் பாடவில்லையா என்று யன்னலால் கேட்டேன். "பாடினார். நீ கேட்கத் தேவையில்லை" என்றார்.

ஆனால் அவர் கேட்டார். புது அல்பம் வந்த அன்றைக்கே வாங்குவார், அன்றிரவே என்னிடம் வந்து திட்டுவார். 1989 இலையுதிர் காலத்தில் 'ஓ மேர்சி' வந்தது. டானியல் லன்வா என்ற கனடாக்காரர் தயாரித்து, நியூ ஓர்லியன்ஸில் பதிவு செய்தது. பத்திரிகைகள் டிலன் திரும்பி வந்துவிட்டார் என்று எழுதின. டாக்ஸிக்காரர் ஏற்கவில்லை. எல்லாம் ஒரே புகைமூட்டம், குரல் செத்துவிட்டது என்றார். அடுத்த வருடமே 'அண்டர் த ரெட் ஸ்கை' வந்தது. ஜோர்ஜ் ஹரிசன், எல்டன் ஜோன், ஸ்லாஷ் என்று பெரிய ஆட்கள் எல்லாம் வாசித்திருந்தும், பாட்டுகள் என்னவோ சின்னப்பிள்ளைகளின் பாட்டு மாதிரி எளிமையாக இருந்தன. பத்திரிகைகளுக்கும் பிடிக்கவில்லை. அன்றிரவு யன்னலில் சாய்ந்து நின்று அவர் சொன்னது இது: "ஓ மேர்சிதான் அந்த மனுசன் கடைசியாகச் செய்த நல்ல வேலை."

போன வருடம் அதைச் செத்த குரல் என்றவர் இவர்தானே என்று நான் கேட்கவில்லை. அவர் வாடிக்கையாளர். ஆனால் அன்றிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். இது இவர் ஒருவரின் குணம் இல்லை. டிலனின் ரசிகர்கள் எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறார்கள். ஒரு அல்பம் அடுத்த அல்பம் வரும்வரை கெட்டது. அடுத்தது வந்ததும் முந்தியது நல்லதாகிவிடும். 1975இல் 'பிளட் ஒன் த ட்ராக்ஸ்' வந்தபோது அதிலும் குறை கண்ட விமர்சகர்கள் இருந்தார்கள் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அதைவிட நல்ல கதை 1970இல் வந்த 'செல்ஃப் போர்ட்றெயிற்'. கிறைல் மார்க்கஸ் என்ற அமெரிக்க விமர்சகர் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் அதைப்பற்றி எழுதிய கட்டுரையை ஒரு கெட்ட வார்த்தைக் கேள்வியோடு தொடங்கினார். ரொக் விமர்சனத்தில் அதுபோல் பிரபலமான முதல் வரி இன்னொன்று இல்லை. 2013இல் அந்தக் காலத்துப் பதிவுகளில் மிஞ்சியவற்றைத் தொகுத்து ஒரு பெட்டி வெளியிட்டார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்த முன்னுரையை எழுதியவர் யார் என்று பார்த்தால், அதே கிறைல் மார்க்கஸ்.

என் டாக்ஸிக்காரருக்கு இந்த வழக்கம் எப்போது தொற்றியது என்பதும் எனக்குத் தெரியும், அவரே சொன்னார். 1966 மே மாதக் கடைசியில், பதினேழு வயதில், றோயல் அல்பேர்ட் ஹோலில் டிலனைப் பார்த்திருக்கிறார். முதல் பாதியில் டிலன் தனியாக, கிற்றாரும் மவுத் ஓர்கனும். சபை கோயிலில் இருப்பதுபோல் இருந்ததாம். இரண்டாம் பாதியில் மின்சாரக் கிற்றாரும் ட்ரம்ஸும் ஒலிபெருக்கிகளுமாக ஒரு பட்டாளத்தோடு வந்தார். கூச்சல் தொடங்கியது. சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். இதற்குச் சில நாட்கள் முன்பு, மே 17ஆம் திகதி, மன்செஸ்ரர் ஃப்ரீ ட்ரேட் ஹோலில் ஒருவர் டிலனைப் பார்த்து "யூதாஸ்" என்று கத்தியது உலகப் பிரசித்தம். அந்த மன்செஸ்ரர் பதிவு பல வருடங்களாக 'றோயல் அல்பேர்ட் ஹோல்' என்ற பிழையான பெயரில் திருட்டுத் தட்டாகச் சுற்றியது. 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதுகூட அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு வைத்துக்கொண்டார்கள். டாக்ஸிக்காரர் அந்தத் தட்டில் கேட்கும் கூச்சலில் தன் குரலும் இருக்கிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார். ஊர் வேறு என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய மனவருத்தம். கூச்சல் போட்டதைப்பற்றி வெட்கமெல்லாம் கிடையாது. "அன்றைக்கு நாங்கள் கவனித்துக் கேட்டோம். அதனால்தான் கத்தினோம்" என்பார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பியர் வாங்கப் போவதைவிடக் கத்துவது மரியாதை.

1991 பெப்ரவரியில் என்னை ஹமர்ஸ்மித் ஓடியனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். லண்டனில் அந்தக் கிழமை பெரும் பனி, ரயில்கள் நின்றுவிட்டன. வளைகுடாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. டிலன் குளிரில் வந்தவர்போல் ஏதோ உடுப்புப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். பாட்டுத் தொடங்கி ஒரு நிமிடம் போனபின்பும் அது எந்தப் பாட்டு என்று யாருக்கும் விளங்கவில்லை. மெட்டு வேறு, வேகம் வேறு, வார்த்தைகள் வாய்க்குள்ளேயே நின்றன. எங்கள் வரிசையில் ஆளுக்காள் காதுக்குள் ஊகம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்டுபிடித்ததும் மற்றவர்கள் அவசரமாகக் கைதட்டினார்கள். அந்த வருடத்து ஹமர்ஸ்மித் நிகழ்ச்சிகளை டிலனின் மோசமான மேடைகள் என்று இன்றும் சொல்கிறார்கள். நான் போன இரவைப் பொறுத்தவரை அது சரிதான். பழைய பாட்டுகளை மாற்றிப் பாடுவது அவரின் உரிமை என்று பெரிய தத்துவம் கதைப்பவர்கள் உண்டு. மாற்றலாம். ஆனால் மாற்றியபின் அது ஏதாவதாக இருக்கவேண்டும்.

அதற்குள் எனக்கும் அந்தக் குரல் பழகிவிட்டது. வீட்டில் யாருக்கும் பழகவில்லை. கலியாணம் முடித்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கசெற்றைப் போட்டேன். மனைவி குசினியிலிருந்து எட்டிப்பார்த்து, "இஞ்சருங்கோ, அந்த மனுசனுக்குத் தடிமனே?" என்று கேட்டார். பிறகு காரில் மட்டும் போடுவது என்று உடன்படிக்கை ஆயிற்று.

1997 செப்டெம்பர் முடிவில் 'டைம் அவுட் ஒஃப் மைன்ட்' வந்தது. இளவரசி டயானாவின் மரணத்துக்குப் பிந்திய நாட்கள். கடைகளில் எல்டன் ஜோனின் இரங்கல் பாட்டைத்தான் பெட்டி பெட்டியாக விற்றார்கள். அந்த மேயில் டிலன் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தார். பூஞ்சைத் தொற்றால் இருதயத்தைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி. ஆள் தப்பமாட்டார் என்று பேச்சு அடிபட்டது. ஆகவே அல்பம் வந்ததும், சாவின் வாசலைத் தொட்டுத் திரும்பியவர் பாடிய பாட்டுகள் என்று எல்லோரும் கேட்டார்கள், எழுதினார்கள், உருகினார்கள். உண்மையில் அவற்றை அவர் ஜனவரியிலேயே மயாமியில் பாடி முடித்துவிட்டார். நோய் வந்தது அதற்குப் பிறகு. செய்தித்தாளில் படித்ததை ரசிகர்கள் பாட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த வருடத்து அல்பத்துக்கான கிரமி விருதும் கிடைத்தது. டாக்ஸிக்காரர் மட்டும் பதினாறு நிமிடத்துக்கு மேல் போகும் அதன் கடைசிப் பாட்டைச் சுட்டிக்காட்டி, ஒரு மனிதன் எப்போது நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும் என்றார். 2001இல் அடுத்தது வந்ததும் அந்தப் பாட்டைத் தன் மரணச்சடங்கில் போடும்படி மகளிடம் எழுதிக் கொடுத்திருந்தார்.

அதற்குப் பின் வந்த வருடங்களை வேகமாகக் கடக்கிறேன். கசெற் போய் சீடி வந்தது, சீடியும் போனது. பெற்றோல் நிலையத்தில் நான் முகாமையாளர் ஆனேன். டாக்ஸிக்காரர் ஓய்வு பெற்று மார்கேற் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்; தொலைபேசியில் திட்டுவது தொடர்ந்தது. 2015இலிருந்து டிலன் ஃபிராங்க் சினாட்ரா பாடிய பழைய பாட்டுகளாகவே பாடி அடுத்தடுத்து அல்பங்கள் போட்டார்; கடைசியாக வந்தது ஒரேயடியாக மூன்று தட்டு. அதற்கு நடுவே 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு. மார்கேற்றிலிருந்து வந்த கருத்து: "பரிசு பழைய பாட்டுக்கு. இப்போது பாடுவது யாரோ எழுதிய பாட்டை. திருப்பிக் கொடுக்கச் சொல்லு." அந்த அல்பங்களை நானும் ஒருமுறைக்கு மேல் கேட்கவில்லை.

பிறகு 2020 மார்ச். பிரித்தானியாவில் 23ஆம் திகதி ஊரடங்கு. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் யாரையும் சந்திக்கவேண்டாம் என்று அரசாங்கம் சொன்னது. டாக்ஸிக்காரர் மார்கேற்றில் தனியாக அடைந்து கிடந்தார். பெற்றோல் நிலையங்கள் திறந்திருந்தன. ஆனால் வாகனம் இல்லை. வேலைப் பெடியன்களில் பாதிப்பேர் இருமலோடு வீட்டில் நின்றதால், பல வருடங்களுக்குப் பிறகு நானே இரவு வேலைக்கு இறங்கினேன். எதிரே பெருந்தெரு. இரவு பஸ் ஒன்று ஆள் இல்லாமல் போகும், அம்புலன்ஸ் ஒன்று போகும், பிறகு நரி ஒன்று நடுத்தெருவால் நடந்து போகும்.

27ஆம் திகதி, லண்டனில் இன்னும் விடியவில்லை. போனில் டாக்ஸிக்காரரின் செய்தி: ஒரு இணைப்பு, கீழே "17 நிமிடம்" என்று மட்டும். எட்டு வருடங்களாகப் புதிய சொந்தப் பாட்டு எதுவும் வெளியிடாத டிலன், முன்னறிவித்தல் இல்லாமல் 'மேர்டர் மோஸ்ற் ஃபௌல்' என்ற பாட்டை வெளியிட்டிருந்தார். ஹம்லெற் நாடகத்திலிருந்து எடுத்த தலைப்பு. கூடவே ரசிகர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி, சில காலம் முன்பு பதிவு செய்த பாட்டு இது, கவனமாக இருங்கள் என்ற அளவில். அவர் வாயிலிருந்து நன்றி என்று ஒரு சொல் வருவது பெரிய விசயம்.

கடையின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, சான்ட்விச் அலுமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். பியானோ மெதுவாக உருள்கிறது. வில்லால் இழுக்கும் கம்பி வாத்தியம் அதன் கீழே நிற்கிறது. ட்ரம்ஸ் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு அசைவு. பாடுகிறார் என்று சொல்லமுடியாது, பேசுகிறார் என்றும் சொல்லமுடியாது. 1963 நவம்பர் 22, டலஸ் நகரத்தில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டது. திறந்த கார், மனைவியின் மடி, ஆஸ்பத்திரி, விமானத்துக்குள்ளேயே அடுத்தவர் பதவியேற்றது. ஐந்தாறு நிமிடத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டியது. இந்தக் கொலையைப்பற்றி இனிச் சொல்ல என்ன இருக்கிறது?

அங்கேதான் பாட்டு திரும்பியது. பாட்டில் பேசுகிறவர் வானொலி அறிவிப்பாளர் ஒருவரை விளித்து, எனக்காக இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று கேட்கத் தொடங்குகிறார். விளிக்கப்படுபவர் வுல்ஃப்மன் ஜக். மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பெருஞ்சக்தி நிலையத்திலிருந்து இரவிரவாக அமெரிக்கா முழுவதற்கும் பாட்டுப் போட்ட மனிதர். ஜான் லீ ஹூக்கர் பாடியதில் ஒன்று, எற்றா ஜேம்ஸ் பாடியதில் ஒன்று, தெலோனியஸ் மங்க், சார்லி பார்க்கர், பீத்தோவனின் ஒரு சொனாற்றா. கேட்டுக்கொண்டே போகிறார். ப்ளூஸ்காரன், ஜாஸ்காரன், ஊமைப்பட நடிகன் என்று எந்த வேறுபாடும் இல்லை. கொலை நடந்த வீட்டில் றேடியோவைப் போட்டுவிட்டதுபோல் இருந்தது. நிலத்தில் மண்டியிட்டபடியே இருந்துவிட்டேன்.

இது எனக்குத் தெரிந்த வடிவம். ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையில் பற்றறி றேடியோ இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, கே. எஸ். ராஜாவின் பாய்ந்தோடும் குரல், அப்துல் ஹமீதின் அளந்த குரல். நேயர் விருப்பம் என்றால் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்து இருப்பார். தபாலட்டையில் எழுதிக் கேட்டவர்களின் பெயர்கள் முதலில் வரும்: பருத்தித்துறையிலிருந்து இன்னார், மட்டக்களப்பிலிருந்து இன்னார், கடலுக்கு அந்தப் பக்கம் இராமநாதபுரத்திலிருந்து ஒரு குடும்பம் முழுக்க. பாட்டைவிடப் பெயர் வரிசை நீளம். அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கென்றே சிலர் இருந்தார்கள். அக்காவின் தபாலட்டை ஒருமுறையும் வாசிக்கப்படவில்லை. ஒவ்வொரு கிழமையும் எழுதினார். இரவில் அலை மங்கி, பிறகு திரும்பி வரும். நாட்டில் என்ன நடந்தாலும் அந்த வரிசை நிற்காது என்று நாங்கள் நினைத்திருந்த காலம்.

பாட்டின் முடிவில் டிலன் கேட்கும் கடைசி விருப்பம் இதே பாட்டுத்தான். தன் பாட்டையே அறிவிப்பாளரிடம் கேட்டுவிட்டு முடிக்கிறார்.

டாக்ஸிக்காரரை அழைத்தேன். உடனே எடுத்தார். அன்று அவர் திட்டவில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தலையணைக்குக் கீழே ட்ரான்சிஸ்டரை ஒளித்துவைத்து 208 மீற்றரில் றேடியோ லக்ஸம்பேர்க் கேட்டதையும், அலை போய்ப் போய் வருவதையும், தகப்பன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நிறுத்துவதையும் கதைத்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் தான் வளர்ந்த வீட்டைப்பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் தபாலட்டைகளைப்பற்றிச் சொன்னேன். அக்காவின் பாட்டு எது என்று கேட்டார். சொன்னேன், மெட்டைப் பாடியும் காட்டினேன். விளங்கியிருக்காது. "நல்ல பாட்டு" என்றார்.

அந்த நாட்களில் உலகம் முழுவதும் இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், எழும்பிப் போவதற்கு பியர்க் கடை திறந்திருக்கவில்லை. அறுபது வருடங்களாகப் பாடும் டிலனின் சொந்தக் குரலில் ஒரு பாட்டு பில்போர்ட் பட்டியல் ஒன்றில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. அவரின் மிகப் பிரபலமான பாட்டுகள்கூட பில்போர்ட்டின் பிரதான பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றவை. நீளமான, நடனமாட முடியாத, கூடப் பாடவும் முடியாத ஒரு கொலைக்கதைக்கு அது வாய்த்தது. எதிர்ப்பும் இருந்தது. எதுகைகள் சிறுபிள்ளைத்தனமானவை, பெயர்களை அடுக்கினால் கவிதை ஆகிவிடாது என்றார்கள். என் மகன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்பா, இது ஒரு பிளேலிஸ்ற்" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல முயன்றேன். ஆனால் அவன் சொன்னது பிழை என்று என்னால் இன்றைக்கும் நிரூபிக்க முடியாது.

'ரஃப் அன்ட் ரவுடி வேய்ஸ்' முழு அல்பமும் ஜூன் 19இல் வந்தது. பிரித்தானியப் பட்டியலில் முதலிடம். 79 வயதில், புதிதாக எழுதிய பாட்டுகளோடு அங்கே முதலிடம் பிடித்த மூத்தவர் அவர்தான் என்று எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது 'கீ வெஸ்ற்'. ஒன்பது நிமிடத்துக்கு மேல், அக்கோர்டியன் மட்டும் அலையடிக்க, புளோரிடாவின் தென்கோடித் தீவை நோக்கிப் போகும் ஒரு கிழவர் பழைய கள்ள வானொலி ஒன்றைத் தேடுகிறார். வானொலி அந்த அல்பத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 'மை ஓன் வேர்ஷன் ஒஃப் யூ' என்ற பாட்டு பகிடியாகத் தொடங்கி அளவுக்கு மீறி இழுபடுகிறது என்பது என் அபிப்பிராயம். 'ஃபோல்ஸ் ப்ரொஃபெற்' பாட்டின் கிற்றார் ஓட்டம் 1954இல் பில்லி எமேர்சன் என்பவர் பாடிய பழைய ப்ளூஸ் தட்டிலிருந்து அப்படியே எடுத்தது. பாட்டு வந்த கையோடு அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டிலனின் ரசிகர்களில் பாதிப்பேர் துப்பறிவாளர்கள். அவருக்கு அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன், கண்டுபிடிப்பதற்கென்றே விட்டுவைக்கிறார்.

ஆச்சரியம் குரல். ஹமர்ஸ்மித்தில் வாய்க்குள் நின்ற சொற்கள் இதில் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எந்தச் சொல்லில் நிற்பது, எதைத் தாண்டிப் போவது என்று தெரிந்து பாடுகிறார். சினாட்ரா பாட்டுகளோடு கழித்த வருடங்கள்தான் காரணம். அந்தப் பாட்டுகளை அலறிப் பாட முடியாது. இதை மார்கேற்றுக்குச் சொன்னேன். "அதைத்தானே நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், அந்த சினாட்ரா தட்டுகள் அருமையானவை" என்றார்.

2022 ஒக்ரோபரில் டிலன் லண்டன் பலேடியத்துக்கு வந்தார். 81 வயது. டாக்ஸிக்காரருக்கு 73, ஊன்றுகோலோடு ரயிலில் வந்தார். வாசலில் போன்களை வாங்கி, சாம்பல் நிறப் பை ஒன்றில் போட்டுப் பூட்டி, பையை எங்கள் கையிலேயே தந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது காந்தப் பூட்டில் தட்டித் திறந்து தருவார்களாம். இருக்கைகளில் இருந்தவர்களுக்குக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களோடு கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கு அடுத்த இருக்கையில் நோர்விச்சிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும். ஊரடங்கில் இருவரும் சமைக்கும்போது இந்த அல்பத்தைத்தான் போடுவார்களாம்.

டிலன் பியானோவுக்குப் பின்னால் இருந்தார். தலைமுடி மட்டும் தெரிந்தது, சில நேரம் எழும்பி நிற்கும்போது முகம். வணக்கம் இல்லை, கதை இல்லை. பதினேழு பாட்டுகளில் ஒன்பது புது அல்பத்திலிருந்து. ஊர் உலகம் அறிந்த அந்தப் பழைய பாட்டுகள் ஒன்றுகூட இல்லை. 'பிளாக் ரைடர்' தொடங்கியபோது முன் வரிசையில் ஒருவர் எழும்பினார். பியருக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன், நின்ற இடத்தில் நின்று கேட்டார். பின்னாலிருந்தவர்கள் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். 'கீ வெஸ்ற்' பாட்டின் முதல் சொற்கள் வந்ததும் அரங்கு முழுவதும் ஆரவாரம். மேடையில் மெட்டைக் கொஞ்சம் மாற்றியிருந்தார். ஆனாலும் நோர்விச் மகள் ஒவ்வொரு வரியையும் உதட்டால் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடங்களாக ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் கேட்டுப் பாடமாக்கிய பாட்டு. அறையொன்றில் எல்லோருமாகக் கேட்பது அன்றுதான்.

மீண்டும் வந்து பாடும் வழக்கமும் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்தது, டிலனும் வாத்தியக்காரர்களும் வரிசையாக நின்று எங்களைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். விளக்குகள் எரிந்தன. டாக்ஸிக்காரர் எழும்பவில்லை. ஊன்றுகோலில் தாடையை வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தார். அவர் உருகிப்போய் இருக்கிறார் என்று நினைத்து நான் பேசாமல் நின்றேன். போன் திறக்கும் வரிசையில்தான் வாயைத் திறந்தார்.

"மேர்டர் மோஸ்ற் ஃபௌல் பாடவில்லை."

"பதினேழு நிமிடம். எண்பத்தொரு வயது" என்றேன்.

"அதற்கென்ன? அந்த மற்ற எட்டையும் வெட்டியிருந்தால் நேரம் கிடைத்திருக்கும்" என்றார். முன்னால் நின்றவர் திரும்பி, தனக்கு அந்த எட்டும்தான் பிடித்தது என்று தொடங்கினார். ஆர்கைல் வீதி முடியும்வரை இரண்டுபேரும் விடவில்லை. மார்கேற் போகும் கடைசி ரயிலும் போய்விட்டது.